கொம்புக்காரன் பேரைக் கூப்பிட்ட வருஷம்

பதிவேட்டை வாசிக்க வாசிக்க ஆவாரங்குளத்து ஆட்கள் மேல் தழும்புகள் வந்து உட்கார்ந்தது மாசி மாதம் மூன்றாம் ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு. வாசித்தவன் நான், அதனால் இந்த விஷயத்தில் யாரும் எனக்குக் கதை அளக்க வேண்டாம். பேப்பர்க்காரன் ஒருவன் அது சாயங்காலம் நடந்தது என்று எழுதினான், இன்னொருவன் ஊரில் எல்லோருக்கும் வந்தது என்று எழுதினான், இரண்டுமே புளுகு. எல்லோருக்கும் வரவில்லை. வரவேண்டியவர்களுக்குத்தான் வந்தது.

எங்கள் ஊர் அமரக்காரர் ஊர். மருதங்காட்டு ராசா காலத்தில், உழுகிற நாளெல்லாம் உழுதுவிட்டு, கொம்புச் சத்தம் கேட்ட நாளில் ஏரை நட்ட நடுச் சாலில் அப்படியே விட்டுவிட்டு ஈட்டியைத் தூக்கிக்கொண்டு படைக்குப் போகிறவனுக்கு அமரக்காரன் என்று பேர். அப்படி எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் அறுபத்து நாலு பேர், எல்லை தாண்டி வந்த கொள்ளைக் கூட்டத்தைக் கள்ளிமேட்டில் மறித்து ஒரு பகல் முழுக்க நின்று திருப்பி அனுப்பியவர்கள். நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் பங்குனித் திருவிழாவில், அய்யனாருக்கு மண் குதிரையை இறக்கி வைத்த கையோடு, ஊர்த் தலைவரான அம்பலகாரர் அந்த அறுபத்து நாலு பேரையும் வரிசை மாறாமல் மனப்பாடமாகக் கூப்பிடுவார், அந்தந்த வீட்டிலிருந்து ஒருத்தர் ஈட்டியைத் தரையில் ஊன்றி “ஆஜர்!” என்பார். கலெக்டரே வந்து நின்றாலும் அந்தக் கூப்பாடு முடிகிற வரைக்கும் எங்கள் ஊரில் அவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். அவ்வளவு பெருமை எங்களுக்கு.

நாற்பத்தோராவது பேர் கொம்புக்காரன் முத்திருளன். அந்தப் பேரை மட்டும் கூப்பிடுவதில்லை. சண்டை முடிந்து ஆஜர் எடுத்தபோது கொம்புக்காரனைக் காணோம், கொம்பையும் காணோம், ஆகவே ஓடிப்போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. முடிவு கட்டியதோடு விட்டோமா? நாற்பது பேரைக் கூப்பிட்டுவிட்டு அம்பலகாரர் ஒரு மூச்சு விடுவார், ஊரே சேர்ந்து “ஓடிட்டான்!” என்று கத்தும், பிள்ளைகள் கை தட்டிச் சிரிக்கும், அப்புறம்தான் அடுத்த பேர். வருஷத்துக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொண்டாலும் நூற்று அறுபது தரம் கத்தியிருக்கிறோம், அதில் நாற்பது தரமாவது என் தொண்டையும் உண்டு.

அந்த வம்சத்தில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் சாத்தையா, எண்பத்திரண்டு வயசு, கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி அவர் மகள் பஞ்சவர்ணம், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். இந்த ஊரில் அவள் கையால் ஊசி வாங்காத இடுப்பு கிடையாது, பிரசவத்தில் அவள் கையில் விழாத பிள்ளை கிடையாது, இருந்தாலும் “எந்த நர்சு?” என்று கேட்டால் “ஓடுனவன் வீட்டு நர்சு” என்றுதான் பதில் வரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது! திருவிழாவன்று சாத்தையா விடிந்ததும் பஸ் ஏறி மருதங்காட்டுக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கூப்பாடு முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணித் திரும்பி வருவார். போன வருஷம் நெஞ்சு வலி வந்து படுத்து எழுந்தபிறகு மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “ஆத்தா, ஒரே ஒரு பங்குனிக்கு அந்த வரிசைல நின்னு, எம் பூட்டன் பேருக்கு ஆஜர் சொல்லிட்டுப் போயிடணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்.” அவள் சரி என்றாள். எப்படிச் செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் சரி என்றாள்.

வழி எங்கேயிருந்து வந்தது தெரியுமா? மலையாண்டி அம்பலத்திடமிருந்தே வந்தது. அவர்தான் எங்கள் அம்பலகாரர், கள்ளிமேட்டில் படையை நடத்திய வைரவன் அம்பலத்தின் வம்சம், மார்பில் குண்டை வாங்கிப் பிழைத்து வந்த வீரன் என்று வைரவனைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாம்பார் ஆறிப்போகும். கோயில் வாசலில் அறுபத்து மூன்று பேருக்கும் கல்வெட்டு வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. கல்வெட்டுக்கு அனுமதி தருகிற அதிகாரி, “வாய்ச்சொல்லை வச்சுக் கல்லுல வெட்ட முடியாது, பழைய பதிவேட்டு நகல் கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமைதோறும் மீட்டிங்குக்கு மருதங்காட்டுக்குப் போய் வருகிற ஒரே ஆள் பஞ்சவர்ணம். அவளிடமே போய், “ஏ புள்ள, அரண்மனை ரெக்கார்டு ரூம்ல எங்க பேரெல்லாம் இருக்காம், வாங்கிட்டு வந்திரு” என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவள் முகம் மாறாமல் தலையை ஆட்டினாள்.

ரெக்கார்டு ரூமில் இருந்தவள் ஜெசிந்தா என்கிற பெண், பஞ்சவர்ணத்தைவிடப் பத்து வயசு சின்னவள், தும்மல் வராமல் ஒரு வாக்கியம் பேச முடியாதவள். அவள் சொன்னதைப் பஞ்சவர்ணம் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

“பேரு மட்டும் போதுமாக்கா? பேர் எழுதுன புஸ்தகத்த மட்டும் பாத்துட்டுப் போறது, சட்டையப் பாத்து மாப்பிள்ளைய முடிவு பண்ற மாதிரி. படையில இருந்த ஆளு நாலு புஸ்தகத்துல இருப்பான். சேந்த அன்னைக்கு அங்க அடையாளம் எழுதுன புஸ்தகம், தெனமும் ஆஜர் எடுத்த புஸ்தகம், துணிமணி ஆயுதம் குடுத்த புஸ்தகம், அடிபட்டிருந்தா ஆஸ்பத்திரிப் புஸ்தகம். நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் ஆளு எந்திரிச்சு நிப்பான்.”

முதலில் ஆஜர்ப் புஸ்தகத்தைக் காட்டச் சொன்னாள் பஞ்சவர்ணம். கள்ளிமேட்டுச் சண்டை நாள், சாயங்கால ஆஜர், நாற்பத்தோராவது வரி: ‘கொம்புக்காரன் முத்திருளன், வரவில்லை.’ அவ்வளவுதான் இருந்தது. ஓடினான் என்று ஒரு எழுத்து இல்லை.

“வரலன்னா அன்னைக்கு வரிசைல நிக்கலன்னு அர்த்தம்” என்றாள் ஜெசிந்தா தும்மிக்கொண்டே. “ஏன் நிக்கலன்னு இந்தப் புஸ்தகத்துக்குத் தெரியாது. இத எழுதுனவன் தலைய எண்றவன், காரணம் கேக்குறவன் இல்ல. அதுக்கு வேற புஸ்தகம் தேடணும்க்கா. ஆஸ்பத்திரிக் கட்டு இன்னும் பிரிக்கல. தேடி வைக்கிறேன்.”

அன்றைக்கு அங்க அடையாளப் புஸ்தகத்தின் நகலோடு ஊர் வந்து சேர்ந்தாள்.

அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை கோயில் வேம்படியில் வாசித்தேன். நான் அழகுராசு, பஸ் ஸ்டாப்பில் இ-சேவை மையம் வைத்திருக்கிறவன், ஊரில் எந்தக் காகிதம் வந்தாலும் வாசிக்கிறது என் தலையெழுத்து. ‘வைரவன் அம்பலம், உயரம் ஐந்தடி மூன்றங்குலம், மூக்கின் இடதுபுறம் மிளகளவு மரு’ என்று வாசித்தேன், மலையாண்டி அம்பலத்தின் மூக்கில் மிளகளவு மரு வந்து உட்கார்ந்தது. அவர் கொசு என்று நினைத்துத் தட்டினார், போகவில்லை. அடுத்த பேருக்கு ‘வலது முழங்கையில் மாடு முட்டிய தழும்பு’, அந்த வீட்டு ஆளுக்கு வந்தது. இன்னொரு பேருக்கு ‘நெற்றியில் அரிவாள் கீறல்’, அதுவும் வந்தது. எங்கள் வீட்டுப் பேருக்கு வந்து ‘வலது காதின் மேல் ஓரம் கழுதை கடித்துக் குறைந்தது’ என்று வாசித்தபோது எனக்கே சுருக்கென்றது, தொட்டுப் பார்த்தால் காதின் ஓரத்தில் அரை விரற்கடையைக் காணோம். வீரத் தழும்பு எத்தனையோ இருக்க, எங்கள் பாட்டனுக்குக் கழுதைதானா கிடைத்தது! ஆனாலும் நிறுத்தாமல் வாசித்தேன். ஒரு பேருக்கு ஒருத்தர், கேட்டுக்கொண்டு நிற்கிற வாரிசுகளில் யாரோ ஒருத்தர், ஆண் பெண் என்கிற வித்தியாசமில்லை, தழும்பு தனக்குப் பிடித்த உடம்பைப் பார்த்து உட்கார்ந்தது. நடுவில், எங்கள் வீட்டுப் பேருக்கு முந்தி, நாற்பதாவது பேரை முடித்ததும் அம்பலகாரர் கையைத் தூக்கினார்.

“அழகுராசு, அடுத்ததத் தாண்டு.”

நான் தாண்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தாண்டினேன். கூட்டத்தின் ஓரத்தில் பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஊர் இந்தத் தழும்புகளோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. மருதங்காட்டிலிருந்து டாக்டர் வந்தார், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார், ‘பழைய தழும்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். பத்தாம் வகுப்பு மார்க் புத்தகத்தில் இருக்கிற அங்க அடையாளமும் ஆளின் அடையாளமும் ஒத்துப்போகவில்லை என்று என் கடையில் வரிசை நின்றது, முதல் அடையாளம், இரண்டாம் அடையாளம் என்று இரண்டு கட்டம்தான் விண்ணப்பத்தில் உண்டு, மூன்றாவதாகப் பாட்டன் அடையாளத்தை எங்கே எழுதுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். போலீஸ் தேர்வில் ஒரு அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தனுக்குப் பூட்டனின் உயரம் வந்து சேர்ந்து, பேண்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிப்போய், மறுபடி விண்ணப்பம் போட்டான். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு தழும்பையும் கேட்டார்கள். ஒன்பதாவது பேர் தன் பாட்டன் பேர் என்று முப்பது வருஷமாக மேடையில் முழங்கிக்கொண்டிருந்த பழைய தலைமை ஆசிரியருக்கு ஒரு கீறல்கூட வரவில்லை, அந்த ஒன்பதாவது தழும்பு பங்ச்சர் ஒட்டுகிற காதர் மைதீனின் தாடையில் போய் உட்கார்ந்தது. காதர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்து வந்தார். “அப்ப நானும் வரிசைல நிக்கணும்ல?” என்றார். “பின்னே? ஒன்பதாவதா நீங்க நிக்காட்டி வரிசை எப்படி முடியும்?” என்று ஊர் அவருக்கு ஈட்டி எடுத்துக் கொடுத்தது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். தலைமை ஆசிரியர் மட்டும் ஒரு வாரம் வெளியே வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நான் தாண்டிய வரியைப் பஞ்சவர்ணம் வீட்டில் தன் அப்பனுக்கு வாசித்துக் காட்டினாள். ‘கொம்புக்காரன் முத்திருளன், உயரம் ஐந்தடி ஒன்பதங்குலம், மேலுதட்டின் நடுவில் கொம்பு ஊதிய காய்ப்பு.’ சாத்தையா விடிந்ததும் என் கடைக்கு வந்து நின்றார், தொய்ந்து போயிருந்த முதுகு நிமிர்ந்து, தலை வாசல் நிலையில் இடிக்க.

“பாரு அழகுராசு. எம் பூட்டன் ஒதடு.”

“சந்தோசம் பெரியப்பா. ஆனா அவரு…” என்று இழுத்தேன்.

“ஓடுனவருன்னு சொல்ல வர்றே. ஓடட்டும்டா. ஓடுனாலும் எம் பூட்டன்தானே. ஒத்த உசுரா நின்னு ஊதுன ஒதடு இது. அறுபத்து மூணு பேரும் இந்த ஒதட்டுச் சத்தத்துலதான எந்திரிச்சாக?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அம்பலகாரருக்கு மூக்கில் வந்த மரு போதவில்லை. ஊரில் கண்டவன் நெற்றியிலும் அரிவாள் கீறல் இருக்கும்போது தனக்கு வெறும் மருவா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. “எங்க பூட்டன் மார்புல வாங்குன குண்டு ஆஸ்பத்திரிப் புஸ்தகத்துல இருக்கும்ல? அதையும் கொண்டாந்து வாசிங்க. திருவிழாவுக்கு முன்னாடி அந்தத் தழும்பு என் மார்புல இருக்கணும்” என்றார். கொண்டுவரவும் பஞ்சவர்ணத்தைத்தான் அனுப்பினார்.

ஜெசிந்தா கட்டைப் பிரித்து வைத்திருந்தாள். பஞ்சவர்ணம் பக்கத்தைப் புரட்டி, வைரவன் பேரைப் பார்த்தாள், அதற்கு அடுத்த வரியில் முத்திருளன் பேரைப் பார்த்தாள், உதடு அசையாமல் மனசுக்குள் வாசித்தாள், வாசித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முத்திருளன் ஓடவில்லை, அன்றைக்கே செத்துப்போயிருக்கிறான். ஆனால் குண்டு பாய்ந்தது முதுகில். எங்கள் பக்கத்தில் முதுகில் காயம் என்றால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. ஓடினவன் என்ற பேரை, ஓடும்போது சுடப்பட்டவன் என்று மாற்றிக்கொள்வதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அந்த வரிய நகல் எடுக்காம விட்டுரவாக்கா?” என்றாள் ஜெசிந்தா.

பஞ்சவர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். நர்ஸ் அல்லவா, இரண்டாம் தரம் வாசிக்கும்போது அழவில்லை, காயத்தைப் பார்த்தாள். இரண்டு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “துணிமணிப் புஸ்தகத்தையும் எடு தங்கச்சி” என்றாள்.

பங்குனி முதல் வெள்ளி காலை, அதே வேம்படி. அப்பனை வீட்டிலேயே இருக்கச் சொல்லி, தழும்பை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள் பஞ்சவர்ணம். சாத்தையா கேட்கவில்லை. “முதுகோ மார்போ, எம் பூட்டன் காயம். எங்கிட்டயே வரட்டும்” என்று சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்பலகாரரும் சட்டை இல்லாமல் சந்தனம் பூசிக்கொண்டு நின்றார்.

நான் வாசித்தேன். ‘வைரவன் அம்பலம், வலது மார்பில் காறை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே குண்டுக் காயம். குண்டு ஆழம் போகவில்லை. குண்டோடு மஞ்சள் நூல் துணுக்கும் எடுக்கப்பட்டது. பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தான்.’ சந்தனத்துக்கு நடுவில் ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தழும்பு வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்பலகாரர் மார்பை நிமிர்த்தி இடமும் வலமும் திரும்பிக் காட்டினார்.

“போதும்ப்பா, மடிச்சு வை” என்றார்.

நான் மடிக்கவில்லை. ஒரு தரம் தாண்டியவன் நான், இரண்டாவது தரம் தாண்டினால் என் மூஞ்சியை நானே பார்க்க முடியாது. மூச்சுவிடாமல் அடுத்த வரியை வாசித்தேன். ‘கொம்புக்காரன் முத்திருளன், முதுகின் இடதுபுறம் தோள்பட்டைக்குக் கீழே குண்டு நுழைந்து, முன்புறம் இடது காறை எலும்புக்குக் கீழே வெளியேறியது. அரண்மனை வண்டியில் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. கொம்போடு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் அடக்கம்.’

சாத்தையா ஒரு அடி தள்ளாடினார். பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள். அவர் முதுகில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி.

“முதுகுலதான்யா!” என்று கூட்டத்தில் ஒரு குரல். “அதான் ஓடிருக்கான்!” என்று இன்னொரு குரல். நாலைந்து பேர் பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள்.

பஞ்சவர்ணம் அப்பனைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். முன்புறம், இடது மார்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து தைத்த மாதிரி ஒரு தழும்பு.

“கை தட்டுனவுகளுக்குச் சொல்றேன்” என்றாள். ஊசி போடும்போது பேசுகிற அதே குரல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. “குண்டு நுழையுற எடம் சின்னதா இருக்கும். வெளிய போற எடம் கிழிஞ்சு பெருசா இருக்கும். எங்கப்பா முதுகு வழியா நொழஞ்ச குண்டு மார்பு வழியா வெளிய போயிருச்சு. போன குண்டு எங்க போச்சு?”

கை தட்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

“அம்பலத்தய்யா, உங்க பூட்டன் மார்புல குண்டு ஏன் ஆழம் போகல? துப்பாக்கிக் குண்டு நெஞ்சத் தொளைக்காம ஏன் தோலுக்கடியிலயே நின்னுச்சு?”

அம்பலகாரர் தழும்பைக் கையால் மூடிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் நேருக்கு நேரா நின்னு பாருங்களேன்” என்றார் காதர் மைதீன். மனுஷன் பங்ச்சர் ஒட்டுகிறவர், ஓட்டைக்கு ஓட்டை பொருத்திப் பார்க்கிற கண் அவருக்கு.

சாத்தையா ஐந்தடி ஒன்பதங்குலம், அம்பலகாரர் குட்டை. சாத்தையா இரண்டடி நடந்து வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குனிந்தார். இடது மார்பும் வலது மார்பும் எதிரெதிரே வந்தன. பெரிய தழும்பு சின்னத் தழும்பின் மேல், கொஞ்சம்கூடப் பிசகாமல் உட்கார்ந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைவனுக்கு மார்பைக் காட்டிக்கொண்டு, குனிந்து மூடிக்கொண்டு நின்றிருக்கிறான் முத்திருளன். ஒரே குண்டு. அவன் உடம்புக்குள் புகுந்து வேகமெல்லாம் செத்தபிறகு மிச்சம்தான் வைரவனுக்கு.

பஞ்சவர்ணம் துணிமணிப் புஸ்தக நகலை என் கையில் கொடுத்தாள். அதையும் வாசித்தேன். ‘அமரக்காரர் அறுபத்து மூவருக்கும் நீலச் சட்டை. கொம்புக்காரனுக்கு மட்டும் தூரத்திலிருந்து தெரியும்படி மஞ்சள் சட்டை.’ வாசித்து முடிக்கவில்லை, அம்பலகாரரின் தழும்பு நுனியில் ஒரு மஞ்சள் நூல் எட்டிப் பார்த்தது. அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது, நேற்றுச் சாயம் தோய்த்த மாதிரி பளிச்சென்று ஒரு சாண் வந்து நின்றது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேம்பின் வேரில் உட்கார்ந்தார்.

நூலை விரலில் சுற்றிக்கொண்டே தலையைத் தூக்கினார். “பஞ்சவர்ணம், எங்க பூட்டன் பொழச்சு வந்தாருல்ல… தெரிஞ்சே மறைச்சாரா? ஊரு ஓடிட்டான்னு சொன்னப்ப வாய மூடிக்கிட்டு இருந்தாரா?”

அவள் நினைத்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஊர் நம்பியிருக்கும். நூற்று அறுபது வருஷத்துக் கைதட்டலையும் அவர் தலையில் இறக்கி வைத்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“பதினோரு நாள் நெனவு இல்லைன்னு இருக்குய்யா. அதுக்கப்புறம் என்ன நெனச்சாருன்னு நாலு புஸ்தகத்துலயும் இல்ல. இல்லாதத நான் சொல்லமாட்டேன். இல்லாதத நீங்க சொன்னதுனாலதான இத்தன வருசமும்?”

அடேங்கப்பா! அந்தச் சொல்லுக்கு முன்னால் ஊரே தலையைக் குனிந்துகொண்டது. பெண்கள் யாரோ ஒருத்தி குலவையை ஆரம்பித்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், இந்தத் தடவை சாத்தையாவுக்கு.

அடுத்த பத்து நாளும் ஆவாரங்குளத்தில் ஒரே அதிசயம், இத்தனை வருஷமும் “ஓடிட்டான்” என்று கத்தியவர் ஒருத்தர்கூட இல்லை. “நான் வாய மட்டும்தான்ப்பா அசச்சேன்” என்றார் ஒருவர். “நான் ஒரு நாளும் கத்துனதில்ல, அன்னைக்கெல்லாம் எனக்குத் தொண்ட கட்டிரும்” என்றார் இன்னொருவர். கல்வெட்டுக்காரன் அறுபத்து மூன்று பேரை வெட்டி முடித்திருந்தான், நாற்பதுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடம் இல்லை என்று கையை விரித்தான். கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கல்லில் முதலிலிருந்து வெட்டு என்றார் அம்பலகாரர். மருதங்காட்டு ஆஸ்பத்திரித் தோட்டம் இப்போது பஸ் டிப்போவாக இருக்கிறது, அங்கேயும் ஒரு வேன் நிறைய ஆள் போய், டிப்போ மேனேஜரிடம் அனுமதி கேட்டு, பஸ்களுக்கு நடுவில் மாலை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். டிரைவர்கள் அரை மணி நேரம் ஹாரன் அடிக்காமல் நின்றார்கள்.

திருவிழாவன்று சாத்தையா பஸ் ஏறவில்லை. மண் குதிரைகளை இறக்கி வைத்தோம். வரிசை நின்றது, ஒன்பதாவதாகக் காதர் மைதீன், நாற்பத்தோராவது இடத்தில் சாத்தையா, கையில் புது ஈட்டி. பஞ்சவர்ணம் பெண்கள் பக்கம், நெஞ்சு வலி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். அம்பலகாரர் கூப்பிட ஆரம்பித்தார், ஒவ்வொரு ஆஜருக்கும் ஈட்டி தரையில் இறங்கியது, நாற்பது முடிந்தது, வழக்கம்போல் ஒரு மூச்சு விட்டார், ஊர் வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

“கொம்புக்காரன் முத்திருளன்!”

சாத்தையா பேசவில்லை. ஐயோ, மனுஷனுக்கு என்ன ஆச்சோ என்று பஞ்சவர்ணம் இரண்டடி முன்னால் வந்துவிட்டாள்.

“கேக்கல” என்றார் சாத்தையா.

அம்பலகாரர் மறுபடி கூப்பிட்டார், இன்னும் சத்தமாக. “கொம்புக்காரன் முத்திருளன்!”

“கேக்கல அப்பு. நூத்தி அறுபது வருசமாக் கூப்பிடாத பேரு. ரெண்டு தரத்துல எப்படிக் காதுல ஏறும்?”

யாருக்கும் கோபம் வரவில்லை. அம்பலகாரருக்குத்தான் முதலில் புரிந்தது. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார், கண்ணை மூடிக்கொண்டார், கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இருபது தரம் வரைக்கும் நான் எண்ணினேன், அதற்கப்புறம் எண்ணவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வேர்வை ஒழுக ஒழுக, அந்த ஒரே பேரை அவர் கூப்பிடக் கூப்பிட, குளத்து மறுகரையில் ஆடு மேய்க்கிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், ரோட்டில் பஸ் நின்றது, பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்க, கொம்புக்காரன் முத்திருளனை என்று கண்டக்டரே சொன்னானாம். கடைசித் தரம் காற்று மட்டும்தான் வந்தது, சத்தம் வரவில்லை. “அண்ணே” என்றார் அம்பலகாரர், அந்தக் காற்றிலேயே. அவர் சாத்தையாவை அண்ணே என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

சாத்தையா ஈட்டியை ஊன்றினார்.

“ஆஜர்!”

எண்பத்திரண்டு வயசுத் தொண்டை என்று யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

மிச்சம் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அம்பலகாரர் வாயைத் திறந்து பார்த்தார், தொண்டை ஒத்துழைக்கவில்லை. கையசைத்துப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார். அவள் வந்து அவர் நின்ற இடத்தில் நின்றாள். எங்கள் பாட்டன்மார் பேரை ஒரு பெண்பிள்ளை கூப்பிட்டது அதுதான் முதல் தரம், அவளுக்குக் காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. நாற்பத்திரண்டாவது எங்கள் வீட்டுப் பேர். ஒவ்வொரு வருஷமும் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவசரமாக ஆஜர் சொல்லிப் பழகியவன் நான்.

“ஈட்டிக்காரன் சின்னழகு!” என்றாள் பஞ்சவர்ணம்.

பேர் தெளிவாகக் கேட்டது. நானும் நிதானமாக ஈட்டியை ஊன்றி, “ஆஜர்” என்றேன்.